பூனைக்கு விளையாடத் தெரியாதா? வீட்டுச் சாமான்களை வைத்து விளையாட்டு காட்டுவது பற்றி

கேள்வி
6 அக்டோபர் 2024

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மூன்றாவது மாடி வாடகை வீடு. ஒன்றரை வயது ஆண் பூனை, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாயிற்று. கீழே நாய்த்தொல்லை, அதனால் வெளியே விடுவதில்லை. காலை நாலரைக்கு எழுந்து என் கால் கட்டைவிரலைக் கடிக்கிறது. கடையில் வாங்கிய பொம்மை எலி, மணி வைத்த பந்து எல்லாம் கட்டிலுக்கு அடியில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. சில பூனைகளுக்கு விளையாட்டே பிடிக்காது, இதுவும் அந்த ரகம் என்பது என் கருத்து. இல்லை என்றால், வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் அக்கா.

6 அக்டோபர் 2024, இரவு

நாலரைக்குக் கால் விரலைக் கடிக்கிற பூனைக்கு விளையாட்டு பிடிக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள் தம்பி? அது வேட்டைக்குக் கிளம்புகிற நேரம். பூனை இரவு முழுக்க விழித்திருக்கிற விலங்கு இல்லை. விடியலிலும் அந்தியிலும்தான் அதற்குச் சுறுசுறுப்பு ஏறும். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் போர்வைக்கு அடியில் அசைகிற ஒரே பொருள் உங்கள் கால்.

பொம்மை எலி அசையவில்லை, அவ்வளவுதான் அதன் குறை. தரையில் சும்மா கிடக்கிற எதுவும் பூனைக்கு இரை ஆகாது. காசு கொடுத்து வாங்கியதா, பழைய பேப்பரில் செய்ததா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. யாராவது அதை ஆட்ட வேண்டும். பூனை விளையாட்டில் பாதி வேலை நம்முடையது.

இன்றைக்கே செய்து பாருங்கள். நாளிதழில் பாதித் தாளைக் கசக்கிப் பெரிய எலுமிச்சை அளவுக்கு உருட்டுங்கள். ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றை ஒரு மூங்கில் குச்சியில் கட்டுங்கள். பூனையின் முகத்துக்கு நேரே ஆட்ட வேண்டாம். எந்த எலியும் பூனையின் வாய்க்கு வந்து குதிக்காது. விலகி ஓடட்டும், கதவு மூலைக்குப் பின்னால் போய் மறையட்டும், அங்கே நிற்கட்டும், லேசாக நடுங்கட்டும். அந்த நடுக்கத்தில்தான் பூனையின் பின்புறம் ஆடத் தொடங்கும்.

7 அக்டோபர் 2024

நேற்று விட்டது. மூக்குக்குப் பக்கத்தில் எதையும் காட்டாதீர்கள். ஏறத்தாழ ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. அங்கே மீசைதான் வேலை செய்யும். இரண்டு மூன்று அடி தள்ளி அசைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, எல்லாப் பூனைக்கும் ஒரே இரை பிடிக்காது. எங்கள் வீட்டில் (புதுச்சேரி முத்தியால்பேட்டை, முதல் மாடி) இரண்டு இருக்கின்றன. பப்பாளி என்கிற மஞ்சள் ஆண், தரையோடு ஊர்வதை மட்டும் துரத்துவான். அந்தரத்தில் ஆட்டினால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். கருப்பி நேர்மாறு. அவளுக்கு எல்லாம் மேலே பறக்க வேண்டும், மின்விசிறிக்குக் கீழே தட்டான் வந்தால் அன்றைக்கு அவளுக்குத் திருவிழா. உங்கள் பூனை எலிக்காரனா, பறவைக்காரனா, பூச்சிக்காரனா என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதன் பிறகுதான் பொம்மை செய்கிற வேலை.

8 அக்டோபர் 2024

கயிறு பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. முதல் குறிப்பில் வெறுமனே கயிறு என்று விட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு வில்லியனூரிலிருந்து ஒருவர், தையல் நூல் போதுமா என்று கேட்டிருக்கிறார். போதாது. தையல் நூல், கம்பளி நூல், பட்டம் விடுகிற நூல், பார்சல் கட்டி வருகிற ரப்பர் பேண்ட், எதுவும் கூடாது.

பூனையின் நாக்கில் முள் முள்ளாக இருக்கும், எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. நூல் அதில் மாட்டினால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ வயிற்றிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் அந்த நூலின் மேலேயே சுருங்கி மடிந்துவிடும். சில நேரம் அறுத்துக்கொண்டும் போகும். ஆபரேஷன் தவிர பெரும்பாலும் வழி இருக்காது.

நம் ஊர் வீடுகளில் இதற்கு முக்கியக் காரணம் பொம்மையே இல்லை, பூச்சரம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், சாயந்திரம் தலையிலிருந்து எடுத்து அலமாரி மேல் வைத்த மல்லிகைச் சரத்தைப் பூனை நூலோடு மென்று விழுங்கிவிட்டது. மறுநாள் வாந்தி, சாப்பாடு இல்லை, மூலையில் சுருண்டு கிடந்தது. வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. எங்கள் அம்மாவும் தினமும் பூ கட்டுகிறவர்தான். அதற்குப் பிறகு நூல்கண்டு, நார், வாடின சரம் எல்லாம் மூடிபோட்ட டப்பாவுக்குள் போகிறது, சாமி படத்துச் சரம் உட்பட.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே இழுக்காதீர்கள். உள்ளே எதில் மாட்டியிருக்கிறது என்று தெரியாது, இழுப்பில் குடல் கிழியலாம். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குச்சிக்கு என்ன கட்டுவது என்றால், பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து முறுக்கிக்கொள்ளுங்கள், அல்லது பழைய துப்பட்டா. ஆட்டம் முடிந்ததும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். கயிறு கட்டிய எந்தப் பொம்மையும் ஆள் இல்லாதபோது வெளியே கிடக்கக் கூடாது.

9 அக்டோபர் 2024

"கயிறே வேண்டாம் என்றால்?" அதற்கும் வழி இருக்கிறது. தண்ணீர் பாட்டில் மூடி. மொசைக் தரையில் விரலால் சுண்டிவிட்டால் அறை முழுக்க ஓடும். பிங்பாங் பந்தை அகலமான பிளாஸ்டிக் பேசினுக்குள் போட்டால் வெளியே வராமல் சுற்றிச் சுற்றி வரும், கட்டிலுக்கு அடியில் போய்த் தொலையாது. புளியங்கொட்டை, பட்டன், குண்டூசி வைத்த எதுவும் வேண்டாம். வாய்க்குள் முழுதாகப் போகிற அளவு எதுவும் வேண்டாம்.

13 அக்டோபர் 2024

அட்டைப்பெட்டி. இதற்கு ஒரு தனிக் குறிப்பு கொடுக்கலாம்.

மளிகைக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஸ்டேப்ளர் பின் இருந்தால் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் டேப்பை உரித்துவிட்டு, பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு நாலைந்து ஓட்டை வெட்டுங்கள். பூனை உள்ளே போனதும் ஓட்டை வழியாக ஒரு பென்சில் முனையைக் காட்டி இழுங்கள். பப்பாளி இதற்காகவே பெட்டிக்குள் உட்கார்ந்து காத்திருக்கிறான்.

விளையாட்டை விட இன்னொரு பயன் பெரிது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் பூனைக் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும், சிலவற்றுக்குக் கொடுக்காமலும் பார்த்து, 2014இல் எழுதினார்கள். பெட்டி கிடைத்தவை சீக்கிரம் பதற்றம் தணிந்தன. புது வீட்டுக்கு மாறுகிறவர்கள், விருந்தாளி வரும் வீட்டுக்காரர்கள், தீபாவளி வருகிறது, எல்லோரும் ஒரு பெட்டியை இருட்டு மூலையில் வைத்துவிடுங்கள். வெடி நேரத்தில் பூனையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம், பெட்டிக்குள் விட்டுவிட்டாலே போதும்.

காகிதப் பையும் நல்லதுதான், ஆனால் கைப்பிடியை வெட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொண்டு மிரண்டு ஓடும். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம்.

14 அக்டோபர் 2024

தம்பி எழுதியிருக்கிறார்: குச்சிக்குப் பூனை பாய்ந்ததாம், அறையை இரண்டு சுற்று சுற்றியதாம், அப்புறம் மூன்றே நாளில் சலித்துவிட்டதாம். "முன்னமே சொன்னேன் பாருங்கள், சோம்பேறி" என்கிறார்.

சலித்தது விளையாட்டு இல்லை, அந்தப் பொருள். இதை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சாரா ஹால், ஜான் பிராட்ஷா, இயன் ராபின்சன் மூவரும் 2002இல் எழுதிய கட்டுரை. ஒரே பொம்மையை அடுத்தடுத்து மூன்று தடவை கொடுத்தால் பூனையின் ஆர்வம் படிப்படியாகக் குறைகிறது. உடனே வேறு மாதிரி பொம்மையைக் கொடுத்தால் திரும்ப எழுகிறது. இதில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: ஐந்து நிமிட இடைவெளியில் புதுப் பொம்மை வந்தால், முதல் தடவையை விடக்கூட வேகமாக விளையாடியிருக்கின்றன. அரை மணி நேரம் கழித்துக் கொடுத்தால் அந்த வேகம் இல்லை. பூனைக்கு உடம்பு சூடாகத்தான் இருக்கிறது, கையில் இருப்பதுதான் புளித்துவிட்டது.

ஆகவே பேப்பர் உருண்டை படுத்தால் படுக்க விடுங்கள். கொஞ்ச நேரத்தில் துணி முடிச்சு, அதற்கு அடுத்து பாட்டில் மூடி. கனம் மாற வேண்டும், சத்தம் மாற வேண்டும், தொட்டால் தெரிகிற சொரசொரப்பு மாற வேண்டும். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சிவப்புப் பந்து நமக்குத்தான் பளிச்சென்று தெரியும், பூனைக்குச் சிவப்பு மங்கல். நீலமும் மஞ்சளும் அதற்கு மேல்.

வீட்டில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன். எல்லாப் பொம்மையும் அதற்குள். ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் வெளியே வராது. ஒரு வாரம் உள்ளே கிடந்த பொருள் வெளியே வந்தால் புதுசுதான்.

20 அக்டோபர் 2024

சாப்பாட்டைப் பொம்மை ஆக்குவது. வெளிநாட்டுக் குறிப்புகளில் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டையைச் சொல்வார்கள். நம்மில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? முட்டை அட்டை எல்லா வீட்டிலும் உண்டு. முப்பது முட்டை வைக்கிற அட்டையின் குழிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உலர் தீனியைப் போட்டு, சில குழிகளைப் பேப்பர் உருண்டையால் மூடிவிடுங்கள். கையை விட்டுத் துழாவித் துழாவி எடுக்கும். தட்டில் கொட்டினால் ஒரு நிமிடத்தில் முடிகிற சாப்பாடு, இதில் கால் மணி நேரம் ஓடும். அட்டை ஈரமானால், மென்று தின்னத் தொடங்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மீன் சோறு போடுகிற வீட்டுக்கு இது சரிவராது என்று கடலூர் முதுநகர்க்காரர் ஒருவர் சொல்கிறார், நியாயம். வேகவைத்த மத்தியை முள் எடுத்து உதிர்த்து, சின்னச் சின்னக் கிண்ணத்தில் போட்டு வீட்டில் நாலு இடத்தில் வையுங்கள். ஜன்னல் திட்டில் ஒன்று, நாற்காலிக்கு அடியில் ஒன்று. தேடிச் சாப்பிடட்டும். எறும்பு வருவதற்குள் கிண்ணங்களைத் திரும்ப எடுத்துவிட வேண்டும், அது ஒரு கஷ்டம்.

26 அக்டோபர் 2024

கருவாட்டு சாக்ஸ். பழைய பருத்தி சாக்ஸுக்குள் கிழிந்த துணி, நடுவில் ஒரு சின்ன மூட்டையாக சென்னாகுன்னி (பொடி இறால் கருவாடு). வாயைக் கயிறு போட்டுக் கட்டாமல் சாக்ஸிலேயே முடிச்சுப் போடுங்கள். பின்னங்காலால் உதைத்துக்கொண்டே கட்டிப் பிடித்துக் கடிப்பதற்கு இந்த நீளம்தான் வசதி. எலியைப் பிடித்த பிறகு பூனை செய்வது அதைத்தான்.

கருவாட்டைத் தின்னக் கொடுக்காதீர்கள், உப்பு அதிகம். வாசனை மட்டும் போதும். ஆட்டம் முடிந்ததும் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் இராத்திரியோடு இராத்திரியாகச் சாரை சாரையாக எறும்பு வந்துவிடும். எங்கள் அம்மா அதை வெயிலில் காயவைத்து டின்னில் போட்டு வைக்கிறார்.

27 அக்டோபர் 2024

கேட்னிப் (வாசனையால் பூனையை மயக்குகிற ஒரு செடி) வாங்கலாமா என்று இரண்டு பேர். வாங்கலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு பூனைகளுக்கு அது ஏறாது, பிறவியிலேயே அப்படி. சின்னக் குட்டிகளுக்கும் ஏறாது. காசு கொடுத்துவிட்டுப் பூனை திரும்பிப் பார்க்கவில்லை என்று வருந்தக் கூடாது.

நம் ஊரில் காலி மனையெல்லாம் குப்பைமேனி மண்டிக் கிடக்கிறது. பூனைவணங்கி என்று இதற்கு ஒரு பெயர் இருப்பது பெரியவர்களுக்குத் தெரியும். அதன் இலையை விட்டுவிட்டு வேரைப் பிடுங்கினால் பூனை வந்து முகம் தேய்த்துப் புரளும். மண் போகக் கழுவி, துணியில் முடிந்து சில நிமிடம் கொடுத்துப் பாருங்கள். பப்பாளி மயங்கிப்போய் எச்சில் வடிப்பான். கருப்பி ஒரு தடவை முகர்ந்துவிட்டுப் போய்விட்டாள். தின்ன விடாதீர்கள், அந்தச் செடியில் நஞ்சுச் சத்தும் இருக்கிறது. மருந்து அடித்த இடத்திலும் நாய் போகிற ஓரத்திலும் பிடுங்க வேண்டாம்.

3 நவம்பர் 2024

லேசர் விளக்கு பற்றிக் கேள்வி. என் வீட்டில் இல்லை. துரத்தித் துரத்திக் கடைசியில் கையில் ஒன்றும் அகப்படாத விளையாட்டு அது. சில பூனைகள் அதற்குப் பிறகு சுவரில் விழுகிற எந்த வெளிச்சத்தையும் விடாமல் வெறித்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள், புள்ளியை ஒரு துணிப் பொம்மையின் மேல் கொண்டுபோய் நிறுத்தி அங்கேயே அணைத்துவிடுங்கள், பிடிக்க ஏதாவது இருக்கட்டும். கண்ணில் படவே கூடாது.

பிடிக்க விடுவது என்பது குச்சி விளையாட்டுக்கும் பொருந்தும். சில பேர் பூனைக்கு எட்டாமல் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், குழந்தைகள் முக்கியமாக. என் அக்கா மகன் வந்தால் அப்படித்தான். நாலு பாய்ச்சலுக்கு ஒரு தடவையாவது அகப்பட வேண்டும். அகப்பட்டால் கொஞ்ச நேரம் கடிக்க விட வேண்டும். தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலடியில் வைத்துக்கொண்டால் அதுவும் அதன் உரிமை.

10 நவம்பர் 2024

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: அவர்கள் வீட்டுப் பூனை வெளியே போய் அணிலையும் தவிட்டுக்குருவியையும் பிடித்துக்கொண்டு வருகிறது, அடைத்து வைக்கவும் மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் இதைப் பற்றி வெளியிட்டது. தினமும் ஐந்து பத்து நிமிடம் ஆட்கள் விளையாட்டு காட்டிய வீட்டுப் பூனைகள், வீட்டுக்குக் கொண்டுவந்த இரையில் நாலில் ஒரு பங்கு குறைந்தது. தானியம் இல்லாத, இறைச்சி அதிகமான தீனி கொடுத்த வீடுகளில் அதைவிடவும் அதிகம், 36 சதவீதம். ஐந்து பத்து நிமிடம்தான் அம்மா, அதுவும் ஒரு குச்சியும் ஒரு துணியும். அணில் தப்பிக்கும். நீங்கள் செய்து பாருங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

17 நவம்பர் 2024

தம்பியின் கால் விரலுக்கு வருகிறேன். இத்தனை குறிப்பிலும் அது பின்னால் போய்விட்டது.

காட்டிலோ தெருவிலோ பூனையின் ஒழுங்கு இது: பதுங்கும், துரத்தும், பிடிக்கும், கடிக்கும், தின்னும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும், தூங்கும். நீங்கள் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே போட்டுவிட்டு, பத்து மணிக்கு விளையாடி, விளக்கை அணைத்தால் ஒழுங்கு தலைகீழ். படுக்கப் போவதற்கு முன்னால் ஆட்டம். மூச்சு வாங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கடைசியில் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு. அப்புறம் அதுவே நக்கிக்கொண்டு படுத்துவிடும். வாய் திறந்து இளைத்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். நம் ஊர் வெக்கையில் பகல் ஆட்டமே வேண்டாம்.

காலை நாலரைக்குக் கடித்தால் எழுந்து சோறு போடாதீர்கள். ஒரு தடவை போட்டால் அதுவே அலாரம்.

கையையும் காலையும் பொம்மையாகக் காட்டாதீர்கள், குட்டியாக இருக்கும்போதிலிருந்தே. ஒரு மாதக் குட்டி விரலைக் கடித்தால் அழகு. நாலு கிலோ பூனை கடித்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும், பூனைக்கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

3 டிசம்பர் 2024

மூன்று நாள் கழித்து இன்றுதான் போன் சார்ஜ் ஆகியது. சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததில் எங்கள் தெரு முழங்கால் தண்ணீர். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தம்பி, பெண்ணையாற்றில் தண்ணீர் அதிகமாக வருகிறது என்கிறார்கள், நீங்கள் மூன்றாவது மாடி என்பதால் வீடு தப்பித்திருக்கும், ஆனாலும் நலமா என்று ஒரு வரி எழுதுங்கள். கீழ் வீட்டுக்காரர்களுக்குப் பூனை நாய் இருந்தால் மேலே கொண்டுவரச் சொல்லுங்கள்.

காற்று அடித்த இரவு இரண்டும் கட்டிலடிப் பெட்டிக்குள் இருந்தன, வெளியே தலை காட்டவில்லை. பொம்மையை எடுக்கவே இல்லை. பயந்திருக்கிற பூனைக்கு ஆட்டம் காட்டக் கூடாது. ஞாயிறு சாயந்திரம் மழை குறைந்த பிறகு கருப்பிதான் முதலில் வந்தாள். மெழுகுவத்தி எரிகிற அறையில் குச்சி ஆட்ட முடியாது, வால் பட்டால் போயிற்று. கோரைப்பாய்க்கு அடியில் தோசைத் திருப்பியின் காம்பை விட்டு மெதுவாக நகர்த்தினேன். பாய் சரசரக்க, அதற்குள் ஒரு மேடு ஓடிக்கொண்டிருக்க, இரண்டுமே வந்து பாய்ந்தன. எங்கள் அம்மாவும் இருட்டில் உட்கார்ந்து சிரித்தார். மின்சாரமே இல்லாமல் இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. திருப்பியைத்தான் விட வேண்டும், கையை இல்லை.

9 டிசம்பர் 2024

தம்பி நலம் என்று எழுதிவிட்டார். பூனை இப்போது ஐந்தே முக்காலுக்குத்தான் எழுகிறதாம், சில நாள் ஆறுக்கு. பாய் விளையாட்டுதான் அதற்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். ஆக அது எலிக்காரன். சோம்பேறி என்ற பேச்சை இனி எடுக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறார், சந்தோஷம்.

15 டிசம்பர் 2024

புயலில் விழுந்த தென்னை மட்டைகள் தெருவெல்லாம் கிடந்தன. பக்கத்து வீட்டுத் தாத்தா ஓலையில் பந்து பின்னிக் கொடுத்தார். சின்ன வயதில் நாம் எல்லோரும் வைத்து விளையாடியதுதான். ஈர்க்கை உருவிவிட்டு ஓலையை மட்டும் பின்ன வேண்டும், ஈர்க்கு குத்தும். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. காய்ந்த பிறகு அது சரசரவென்று உருளுகிற சத்தத்துக்குப் பப்பாளி எங்கிருந்தாலும் வந்துவிடுகிறான். நம் காதுக்கு எட்டாத கூர்மையான சத்தங்கள் பூனைக்குக் கேட்கும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக் காது 60ஐத் தாண்டும், எலிக்குஞ்சுகள் அந்த உயரத்தில்தான் கத்துகின்றன. காய்ந்த ஓலையும் கசக்கிய தாளும் ரப்பர் பந்தை ஜெயிப்பது இதனால்தான் என்பது என் எண்ணம்.

பிரிந்து நார் நாராக வந்தால் எறிந்துவிடுங்கள். கயிறு பற்றிச் சொன்னதெல்லாம் நாருக்கும் பொருந்தும்.

22 டிசம்பர் 2024

பன்னிரண்டு வயதுப் பூனை, இப்போதெல்லாம் குதிப்பதில்லை, விளையாட்டு வேண்டுமா என்று நெல்லித்தோப்பிலிருந்து. வேண்டும். துள்ள வைக்காதீர்கள், மூட்டு வலி இருக்கலாம், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். துணியைத் தரையோடு மெதுவாக இழுத்தால் படுத்தபடியே கை நீட்டும், அது போதும். வெறுமனே உட்கார்ந்து கண்ணால் தொடர்ந்தாலும் அதற்கு அது விளையாட்டுதான்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு ஸ்டூல், மேலே மடித்த போர்வை. காக்கையையும் அணிலையும் பார்த்துப் பல்லைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டிருக்கும். பால்கனி என்றால் வலை கட்டாமல் விடாதீர்கள். பூனைக்கு உயரம் தெரியும் என்று நம்பி மூன்றாவது மாடியில் திறந்து வைக்கிறார்கள், குருவி பறந்தால் அதற்கு உயரம் மறந்துவிடும்.

பால்கனியில் செடி வைத்திருப்பவர்களுக்கு: செங்காந்தள், அரளி, லில்லி மூன்றும் பூனை இருக்கிற வீட்டில் வேண்டாம். லில்லி இதழைக் கொஞ்சம் மென்றாலே சிறுநீரகம் போய்விடும். மெல்வதற்கு ஏதாவது வேண்டும் என்று நினைத்தால் தேங்காய்த் தொட்டியில் கோதுமை விதையுங்கள், ஒரு வாரத்தில் புல் வரும்.

18 ஜனவரி 2025

பொங்கலுக்குப் பிறகு நூல் பற்றித் திரும்பவும் ஒரு வார்த்தை. மாடியில் அறுந்து விழுந்த பட்டத்து நூல், மஞ்சள் கொத்து கட்டிய நூல், மாலை கட்டிய நார், வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள். மாஞ்சா நூலாக இருந்தால் நாக்கும் அறுபடும்.

2 பிப்ரவரி 2025

தம்பியின் புதுக் கேள்வி: துணைக்கு இன்னொரு பூனை வாங்கினால் நான் விளையாட்டு காட்ட வேண்டிய வேலை மிச்சமா?

மிச்சம் இல்லை. பப்பாளியும் கருப்பியும் ஒன்றையொன்று துரத்தும், ஆனால் அது சாயந்திர ஆட்டத்துக்குப் பதில் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் குச்சி பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒருவன் பாயும்போது மற்றவள் விலகி உட்கார்ந்துவிடுவாள், விட்டுக்கொடுக்கிற பூனைக்கு ஆட்டமே கிடைக்காமல் போகும். உங்கள் பூனை ஒன்றரை வருஷம் தனியாக இருந்தது; புதுசு வந்தால் முதலில் வேறு அறையில் வைத்து, வாசனை பழக்கி, கதவிடுக்கு வழியாகப் பார்க்க விட்டு, வாரக்கணக்கில் பொறுமையாகச் சேர்க்க வேண்டும். சேராமலும் போகலாம். தெருவில் தாயில்லாமல் கிடக்கிற குட்டிக்கு வீடு கொடுப்பதாக இருந்தால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வேலை மிச்சம் என்ற கணக்கில் மட்டும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பூனை மலஜலம் கழிக்கிற மண் தட்டு. பூனை எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக வைக்கச் சொல்வார்கள். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு. உங்கள் வீட்டில் மூன்றாவது தட்டு வைக்க எங்கே இடம் என்று முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.